காரில்லாமல் பிரான்சின் சிற்றூர்களுக்கு: ரயில் பயணத்தைத் திட்டமிடும் முறை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து தோல் வியாபாரத்தின் பொருட்டு ஐரோப்பா சென்று வருவோர் எப்போதும் உண்டு. வேலூரில் படித்துவிட்டு அங்கே மேற்படிப்புக்கோ வேலைக்கோ போன பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோரும் இப்போது பெருகியிருக்கின்றனர். இவர்களில் பெரும்பாலோர் பாரிஸில் சில நாள் தங்கி, ஈஃபில் கோபுரத்தின் அடியில் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகின்றனர். சிற்றூர்களைப் பார்க்க வேண்டுமானால் கார் வாடகைக்கு எடுக்க வேண்டும், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும், சாலையின் வலப்பக்கத்தில் ஓட்டிப் பழக வேண்டும் என்ற எண்ணமே அவர்களைத் தடுத்துவிடுகிறது. எல்லாச் சிற்றூருக்கும் ரயில் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ரயில் போகும் ஊர்களை மட்டும் பார்ப்பதற்கே ஒருவருடைய ஆயுட்கால விடுமுறைகள் போதாது. ஆகவே கார் தேவையில்லை. வேறு வகையான திட்டமிடல்தான் தேவை.

அந்தத் திட்டமிடலின் முதல் விதி, திரும்பி வரும் வண்டியை முதலில் பார்ப்பதாகும். பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டுவிட்டுப் பிறகு அவற்றுக்கு ரயில் தேடுகிற வழக்கமான முறை பெருநகரங்களுக்குப் பொருந்தும். ஒரு நாளைக்கு நான்கைந்து வண்டிகளே நிற்கிற ஊருக்கு அம்முறையில் போனால், போவது எளிதாகவும் மீள்வது கடினமாகவும் இருக்கும். இந்த ஊரிலிருந்து மாலையில் கடைசி வண்டி எப்போது, அதற்கு முந்தையது எப்போது என்ற இரண்டு விவரங்களை அறிந்த பிறகே காலையில் எந்த வண்டியில் புறப்படுவது என்பதை முடிவு செய்ய வேண்டும். கடைசி வண்டியில் திரும்புவதாக ஒருபோதும் திட்டமிடாமல் அதற்கு முந்தைய வண்டியில் திரும்புவதாகத் திட்டமிட்டால், கடைசி வண்டி ஒரு காப்பாக மிஞ்சும்.

வண்டிகளின் வகை

பிரெஞ்சு ரயில்வேயான எஸ்.என்.சி.எஃப். ஓட்டும் வண்டிகளில் மூன்று வகைகளை அறிந்துகொண்டால் போதும். டி.ஜி.வி. என்பது அதிவேக வண்டி. இதில் இருக்கை முன்பதிவு கட்டாயம்; விமானக் கட்டணத்தைப் போல நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்; வெள்ளி மாலையிலும் ஞாயிறு மாலையிலும் இன்னும் ஏறும். இதே அதிவேகப் பாதையில் ஓடும் மலிவு வண்டிக்கு வீகோ என்று பெயர். அதில் சிறு பெட்டியும் கைப்பையும் மட்டுமே கட்டணத்தில் அடங்கும், பெரிய பெட்டிக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். அடுத்தது, அதிவேகப் பாதை இல்லாத பெருந்தடங்களில் ஓடும் அன்டர்சித்தே.

மூன்றாவது வகையான டி.இ.ஆர். வண்டிகள்தாம் நமக்கு முக்கியம். இவை அந்தந்த மாநில அரசுகளின் பொறுப்பில் ஓடும் வட்டார வண்டிகள். 2002 முதல் இந்தப் பொறுப்பு மாநிலங்களிடம் இருப்பதால், கட்டண முறையும் சலுகைகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு மாநிலத்தில் படித்த விதியை அடுத்த மாநிலத்தில் அப்படியே நம்பக் கூடாது. டி.இ.ஆர். வண்டியில் பெரும்பாலும் இருக்கை முன்பதிவு கிடையாது. காத்திருப்போர் பட்டியலும் கிடையாது. கட்டணம் பெரும்பாலும் தூரத்தைப் பொறுத்தே அமைவதால், முன்கூட்டியே வாங்கினாலும் அன்று காலையில் வாங்கினாலும் வேறுபாடு மிகக் குறைவு. ஐ.ஆர்.சி.டி.சி.யில் முன்பதிவு திறக்கும் காலை எட்டு மணிக்காகக் காத்திருந்து பழகிய நமக்கு இந்த நிதானம் முதலில் நம்பிக்கையூட்டாது. ஆயினும் பணத்தைச் சேமிக்கும் முயற்சியெல்லாம் டி.ஜி.வி.க்கு உரியது என்பதை மனத்தில் கொண்டால் வேலை பாதியாகக் குறையும்: நீண்ட தூரத்துக்கான ஒன்றிரண்டு டி.ஜி.வி. சீட்டுகளை மாதக்கணக்கில் முன்னரே வாங்கிவிட்டு, இடையில் உள்ள நாள்களை டி.இ.ஆர். வண்டிகளுக்கு விட்டுவிடலாம்.

அட்டவணையில் டி.இ.ஆர். என்ற பெயரின் கீழேயே சில நேரங்களில் பேருந்தும் வரும். பயணிகள் குறைந்த தடங்களில் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடப்படுவதுண்டு. அது நடைமேடையில் வராது, நிலையத்துக்கு வெளியே நிற்கும். செயலியில் வண்டியின் பக்கத்தில் பேருந்துப் படம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளாவிட்டால், தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்கும்போதே அது வெளியே புறப்பட்டுப் போய்விடும்.

ரயில் பாஸ் வாங்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. நாள்தோறும் நாடு விட்டு நாடு செல்கிறவருக்கு அது பயன்படும். ஒரே வட்டாரத்தில் அரைமணி, முக்கால்மணிப் பயணங்களாகச் செல்கிறவருக்குத் தனித்தனிச் சீட்டே மலிவு என்பது என் கணிப்பு. பாஸ் வைத்திருந்தாலும் டி.ஜி.வி.க்கு இருக்கைக் கட்டணம் தனி. அதைவிட, ஓராண்டு செல்லும் அவான்தாழ் என்ற 49 யூரோ சலுகை அட்டையைக் கவனிக்கலாம். அது டி.ஜி.வி., அன்டர்சித்தே கட்டணத்தில் 30 விழுக்காடு குறைக்கிறது. 60 வயது நிறைந்தவர்களுக்கு அதில் தனி வகை உண்டு. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் பாரிஸிலிருந்து இரண்டு மூன்று நீண்ட பயணம் செய்வதாயிருந்தால் அட்டையின் விலை திரும்பிவிடும்.

எந்த நிலையம்?

காட்பாடியில் இறங்கிவிட்டு வேலூருக்குத் தனியாகப் பேருந்து ஏறுவது நமக்குப் பழக்கமானது. பிரான்சின் பல அதிவேக நிலையங்களும் ஊரோடு அப்படித்தான் உறவு வைத்திருக்கின்றன. அவிஞ்ஞோன், வாலன்ஸ், மாக்கோன், பெசான்சோன் ஆகிய ஊர்களுக்கு வெளியே டி.ஜி.வி. நிலையம் ஒன்றும், ஊருக்குள் பழைய நிலையம் ஒன்றும் உண்டு. தங்குவதற்கு அறை பதிவு செய்யும்போது "நிலையத்துக்கு அருகில்" என்று விளம்பரத்தில் கண்டால், எந்த நிலையம் என்று வரைபடத்தில் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். இரண்டுக்கும் இடையே இணைப்பு வண்டி பெரும்பாலும் இருக்கும், ஆனால் அதற்கான நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாரிஸில் ஒரே நடு நிலையம் என்று எதுவும் கிடையாது. தென்கிழக்குத் திசைக்கு கார் த லியோன் (பிரெஞ்சில் 'கார்' என்றால் ரயில் நிலையம்), கிழக்குக்கு கார் த லெஸ்த், மேற்குக்கும் தென்மேற்குக்கும் மோன்பர்னாஸ், நார்மண்டிக்கு சான் லசார், லிமோழ் பக்கத்துக்கு ஒஸ்தெர்லிட்ஸ் என்று திசைக்கொரு நிலையம் இருக்கிறது. சார்ல் த கோல் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்துக்குள்ளேயே ஒரு டி.ஜி.வி. நிலையம் இருப்பதையும், அங்கிருந்து லியோன், ஸ்திராஸ்பூர், ரென் முதலிய ஊர்களுக்கு நேரடி வண்டிகள் இருப்பதையும் நம்மவரில் பலர் அறிந்திருப்பதில்லை. போக வேண்டிய வட்டாரத்துக்கு அங்கிருந்தே வண்டி கிடைக்குமானால் பாரிஸுக்குள் பெட்டி படுக்கையோடு அலைய வேண்டியதில்லை. கார் த லியோன் போக வேண்டியவர்கள் ஆர்.இ.ஆர். என்ற பாரிஸ் புறநகர் ரயிலின் பி தடத்தில் ஷாத்லே நிலையம் வந்து, அங்கே ஏ அல்லது டி தடத்துக்கு மாற வேண்டும். எந்த வழியானாலும், விமானம் தரையிறங்கும் நேரத்துக்கும் டி.ஜி.வி. புறப்படும் நேரத்துக்கும் இடையே மூன்று மணிநேரத்துக்குக் குறையாமல் விடுவது நல்லது. குடிவரவு வரிசையின் நீளத்தை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. வேலூரிலிருந்து சென்னையைப் போலவே பெங்களூரு விமான நிலையத்துக்கும் சாலை வழியே போய்விடலாம் என்பதாலும், பெங்களூருவிலிருந்து பாரிஸுக்கு நேரடி விமானம் இருப்பதாலும், இரண்டு ஊர்க் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஒரு வட்டாரம், இரண்டு தங்குமிடங்கள்

நாளுக்கொரு ஊரில் தங்குவதாகத் திட்டமிடுவதே ரயில் பயணத்தைக் கெடுக்கும் முதல் காரணம். பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினால், வைத்துவிட்டுச் சுற்றுவதற்குச் சிறிய நிலையங்களில் பொருள் காப்பறை இருக்காது. பல நிலையங்களில் மின்தூக்கியும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். ஆகவே நான்கு திசைக்கும் தடங்கள் பிரிகிற நடுத்தர ஊர் ஒன்றில் மூன்று நான்கு இரவுகள் தங்கி, கைப்பையோடு பகலில் போய் மாலையில் திரும்புவதே சிறந்தது. அல்சாஸில் கோல்மார், பர்கண்டியில் டிஜோன், அதற்குக் கிழக்கே பெசான்சோன் ஆகியவை இதற்கு ஏற்ற ஊர்கள்.

வேலூர் மாவட்டத்தாருக்கு நான் பரிந்துரைப்பது டிஜோன், பெசான்சோன் ஆகிய இரண்டில் தங்கி இடையிலுள்ள ஊர்களைப் பார்க்கும் பயணத்தையே. பாரிஸ் கார் த லியோனிலிருந்து டிஜோனுக்கு டி.ஜி.வி.யில் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம். டிஜோனுக்கும் பெசான்சோனுக்கும் இடையே டி.இ.ஆர். போதும். இரண்டும் 2016 முதல் ஒரே மாநிலத்தில் இருப்பதால் கட்டண விதிகளும் ஒன்றே.

டிஜோனிலிருந்து தெற்கே இருபது நிமிடத் தொலைவில் போன் என்ற ஊர் உள்ளது. அங்கே நிக்கோலா ரோலன் என்ற அமைச்சர் 1443இல் ஏழைகளுக்காக நிறுவிய மருத்துவமனை, வண்ண ஓடு வேய்ந்த கூரையோடு இன்றும் நிற்கிறது. இருபுறமும் வரிசையாகக் கட்டில்கள் போட்ட நீண்ட கூடத்தை, ஆஸ்பத்திரி ஊரில் வளர்ந்த யாரும் அவசரமாகக் கடந்துவிட மாட்டார்கள். அதற்குச் சொந்தமான திராட்சைத் தோட்டங்களின் மது 1859 முதல் ஏலத்தில் விற்கப்படுகிறது. நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று நடக்கும் அந்த ஏலத்தின்போது அந்தப் பக்கத்தில் அறை கிடைப்பது அரிது என்பதால், அந்த வாரத்தைத் தவிர்ப்பது நலம்.

டிஜோனிலிருந்து பெசான்சோன் போகும் தடத்தில் ஏறத்தாழ நடுவில் டோல் இருக்கிறது. இரண்டு ஊரிலிருந்தும் அரைமணிநேரப் பயணம்தான். பெட்டியோடு நடுவில் இறங்காமல், தங்கியிருக்கும் ஊரிலிருந்து ஒரு பகல் பயணமாக வருவது மேல். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் கண்ட அறிவியலாளர் லூயி பாஸ்தர் 1822 டிசம்பர் 27 அன்று பிறந்தது இங்கே, தோல் பதனிடுவோர் வாழ்ந்த தெருவில். அவருடைய தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அந்த வீட்டின் முன்வாசல் தெருவைப் பார்த்திருக்க, பின்பக்கம் நேராகக் கால்வாயில் இறங்குகிறது. நீரோட்டத்துக்குப் பக்கத்தில்தான் தொழில், மேல்மாடியில் குடும்பம் என்ற அமைப்பைக் கண்டதும், பாலாற்றங்கரை டேனரிகளை அறிந்தவர்களுக்கு விளக்கப் பலகை தேவைப்படாது. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்ததை அவர்கள் ஓக் மரப்பட்டையில் ஊறவைத்தனர்.

இதன் தொடர்ச்சியாகப் பார்க்க வேண்டியது ஆர்புவா. பாஸ்தர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் அங்கே குடிபெயர்ந்து, குயிசான்ஸ் ஆற்றங்கரையில் தொழிலை நடத்தியது. பாரிஸில் பெரும்புகழ் பெற்ற பின்னரும் அவர் கோடை விடுமுறைக்கு அந்த வீட்டுக்கே வந்துகொண்டிருந்தார், அங்கேயே ஒரு சோதனைக்கூடமும் வைத்துக்கொண்டார். குன்னூரில் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக 1907இல் தொடங்கப்பட்ட நிலையத்துக்கு ஏன் அவர் பெயர் வைத்தார்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பெசான்சோனிலிருந்து லோன்-லெ-சோனியே போகும் டி.இ.ஆர். வண்டிகளில் பல ஆர்புவாவில் நிற்கின்றன, பயணம் ஒரு மணிநேரத்துக்குள் முடியும். நிலையம் ஊர்நடுவிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால், திரும்பும் வண்டிக்கு அரைமணி முன்னதாகவே நடக்கத் தொடங்க வேண்டும். குளிர்காலத்தில் இந்த வீடு மூடியிருக்கும் என்பதால், திறந்திருக்கும் மாதங்களைப் பார்த்த பிறகே நாளைக் குறிக்க வேண்டும்.

ஆர்புவாவுக்குப் போகும் அதே தடத்தில் இருக்கிறது ஆர்க்-எ-செனான். ரயில் பயணிக்கென்றே அமைந்தது போன்ற ஊர் இது. வண்டி போன பிறகு நிலையத்தை விட்டு வெளியே வந்தால், சில நிமிட நடையில் பெருந்தூண்கள் நிறைந்த ஒரு வாயில் தெரியும். அந்தத் தூண்களைத் தாண்டி உள்ளே நுழையும் இடம் குகைபோலக் கரடுமுரடான பாறையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சுவர்களில் கல்லில் வடித்த குடங்கள் கவிழ்ந்திருக்க, அவற்றின் வாயிலிருந்து உப்புநீர் வழிந்து உறைந்து நிற்பதுபோலக் கல்லையே வழியவிட்டிருக்கிறார்கள். இது அரண்மனை அன்று, அரசாங்க உப்பளம். குளோத்-நிக்கோலா லெதூ என்ற கட்டடக் கலைஞர் 1775க்கும் 1779க்கும் இடையே இதைக் கட்டினார். நடுவில் மேலாளரின் மாளிகை, இருபுறமும் உப்புக் காய்ச்சும் கொட்டகைகள், சுற்றிலும் அரைவட்டமாகத் தொழிலாளர் குடியிருப்புகள் என அமைத்ததால், நடுவிலிருந்து பார்த்தால் யார் வேலை செய்கிறார், யார் செய்யவில்லை என்பது தெரிந்துவிடும். உப்பு ஊற்று இங்கே இல்லை. 21 கிலோமீட்டர் தொலைவில் சலான்-லெ-பான் என்ற ஊரில் இருந்தது. அங்கே காய்ச்சுவதற்கு விறகு போதாமல் போனதால், காட்டுக்கு அருகில் உப்பளத்தைக் கட்டி, மரக்குழாய்களின் வழியே உப்புநீரைக் கொண்டுவந்தனர். உப்பில்லாமல் பச்சைத்தோல் ஒரு நாளும் தாங்காது என்பதை அறிந்த ராணிப்பேட்டைக்காரர், உப்புக்காக ஓர் அரசு இத்தனை பாடுபட்டதைக் கண்டு வியக்க மாட்டார். யுனெஸ்கோ இதை 1982இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. சலான்-லெ-பான் 2009இல் அதனுடன் சேர்க்கப்பட்டது. சலான் ஊருக்கு இப்போது ரயில் இல்லை, மூஷார் சந்திப்பு நிலையத்திலிருந்து பேருந்தில் செல்ல வேண்டும்.

ஆர்க்-எ-செனானையும் ஆர்புவாவையும் ஒரே நாளில் பார்க்க ஆசை வரும், ஏனெனில் வரைபடத்தில் அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இங்கேதான் முன்பு சொன்ன விதி உதவும். இத்தகைய தடங்களில் வண்டிகள் காலையிலும் மாலையிலும் நெருக்கமாகவும் நடுப்பகலில் நீண்ட இடைவெளியோடும் ஓடும். பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்காகவே அட்டவணை அமைக்கப்படுகிறது. ஆர்புவாவிலிருந்து திரும்பும் மாலை வண்டிகளைத் தாளில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கி வந்து, ஆர்க்-எ-செனானில் குறைந்தது இரண்டரை மணிநேரம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லையெனில் இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள்.

சாளரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு ஒரு நாளைக் கழிக்க விரும்புகிறவர்களுக்கு டோலிலிருந்து சான் குளோத் வரை மலையேறும் 123 கிலோமீட்டர்த் தடம் இருக்கிறது. அதில் 36 சுரங்கங்களும் 18 பாலங்களும் உள்ளன. மூக்குக்கண்ணாடிச் சட்டங்களுக்குப் பெயர்பெற்ற மொரேயில் தடம் வளைந்து வளைந்து இறங்குவதும், புகைக்குழாய் செய்யும் ஊரான சான் குளோத்தில் அது முடிவதும், கைத்தொழில் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். நாளொன்றுக்கு ஓடும் வண்டிகள் மிகச் சிலவே; பராமரிப்பு வேலைகளுக்காக இடையிடையே நிறுத்தப்படுவதும் உண்டு.

பெசான்சோனில் ஆற்றின் வளைவுக்கு மேலே வோபான் என்ற படைப் பொறியாளர் கட்டிய கோட்டை இருக்கிறது. வேலூர்க் கோட்டையின் அகழியைப் பார்த்து வளர்ந்தவர்கள், அங்கே ஆறே முக்கால்வாசி அகழியாக இருப்பதைக் கவனிப்பார்கள்.

நாள் பார்த்தல்

ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் சிற்றூர்ப் பயணத்துக்கு உகந்தவையல்ல. வண்டிகள் குறையும், கடைகள் மூடியிருக்கும், ஊர்ப் பேருந்து சில இடங்களில் ஓடவே ஓடாது. ஞாயிறை டிஜோன் போன்ற பெரிய ஊரிலேயே கழிப்பது நல்லது. அக்கினி நட்சத்திர வெயிலுக்குத் தப்பி மே மாதத்தில் போக நினைப்பவர்கள், மே 1, மே 8 ஆகியவற்றோடு இயேசு விண்ணேற்ற நாளும் பெந்தகோஸ்து திங்களும் அந்தப் பருவத்திலேயே வருவதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். மே 1 அன்று அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திறப்பதில்லை. ஜூன், செப்டம்பர் மாதங்களே என் தேர்வு. ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், மாலை வண்டியைப் பற்றிய பதற்றம் குறைகிறது. ஆனால் வெளிச்சத்தை நம்பி நேரத்தை மறந்துவிடும் ஆபத்தும் அதில் உண்டு.

அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் குறிப்புகளைப் படிக்காமல் விடக் கூடாது. திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் ஓடும் வண்டி, பள்ளி விடுமுறையில் ஓடாத வண்டி ஆகிய விவரங்கள் அங்கேதான் இருக்கும். ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் அட்டவணை மாறும்; ஆகவே நவம்பரில் பார்த்து வைத்த நேரம் ஜனவரிப் பயணத்துக்கு உதவாது. எஸ்.என்.சி.எஃப். கனெக்ட் செயலியில் பயண நாளையே கொடுத்துத் தேடுவதுதான் நம்பகமானது.

வேலைநிறுத்தம் அங்கே அரிய நிகழ்ச்சியன்று. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பங்கேற்கும் ஊழியர்கள் 48 மணிநேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்பதால், ஓடும் வண்டிகளின் பட்டியல் முந்தைய நாள் மாலைக்குள் வெளிவந்துவிடும். அன்று மாலை செயலியைப் பார்த்துவிட்டு, மறுநாள் பயணத்தை அருகிலுள்ள ஊருக்கு மாற்றிக்கொள்வதுதான் விவேகம். விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவே பாரிஸுக்கோ விமான நிலையத்துக்கு அருகிலோ வந்துவிட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசி வண்டி தவறிவிட்டால் டாக்சியை மட்டுமே நம்பியிருக்க வேண்டியிருக்கும். சிற்றூர்களில் தெருவில் கைகாட்டி ஏறும் டாக்சி கிடையாது, தொலைபேசியில் அழைக்க வேண்டும். ஆகவே காலையில் இறங்கியதும் சுற்றுலா அலுவலகத்தில் உள்ளூர் டாக்சி எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரயில் போகாத கடைசிச் சில கிலோமீட்டர்களுக்கு மொபிகோ என்ற பெயரில் மாநிலப் பேருந்துகள் டிஜோன், பெசான்சோன் வட்டாரத்தில் ஓடுகின்றன. அவற்றில் சில, முந்தைய நாளே சொல்லி வைத்தால் மட்டும் வருபவை.

விசாவும் சீட்டும்

ஷெங்கன் குறுங்கால விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் விண்ணப்ப மையம் இருக்கிறது. கோடை நெருங்கினால் நேர ஒதுக்கீடு எளிதில் கிடைக்காது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிடச் சான்று முழுப் பயணத்துக்கும் தேவைப்படும் என்பதால், இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளையே முதலில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு ஊரில் மட்டும் தங்கும் திட்டம் இங்கேயும் உதவுகிறது, ஏனெனில் பயண நிரல் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். விசா கைக்கு வருமுன் டி.ஜி.வி. சீட்டு வாங்குவதானால், மாற்றும் விதிகளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பணம் கட்டும்போது நம் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். நிலையத்தில் உள்ள தானியங்கி இயந்திரங்கள் அட்டையையும் நாணயத்தையும் ஏற்கும், பெரும்பாலும் தாள்பணத்தை ஏற்பதில்லை. ஆளும் இயந்திரமும் இல்லாத நிலையத்தில் ஏறினால், வண்டியில் சீட்டுப் பரிசோதகரை நாமே தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். அவர் நம்மைத் தேடி வரும்வரை உட்கார்ந்திருந்தால் அபராதம் கட்ட நேரும்.

நிலையத்தில்

பெரிய நிலையங்களில் நடைமேடை எண் புறப்படுவதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் முன்புதான் பலகையில் வரும். அதுவரை எல்லோரும் பலகையைப் பார்த்து நிற்பார்கள், வந்ததும் விரைவார்கள். டி.ஜி.வி.யின் கதவுகள் புறப்படும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே மூடப்படும். இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை. கைப்பேசிச் சீட்டுக்கு வேறு சடங்கு எதுவும் இல்லை. தாளில் அச்சான சீட்டானால், நடைமேடைக்குப் போகுமுன் மஞ்சள் நிற இயந்திரத்தில் நுழைத்து முத்திரையிட வேண்டுமா என்று சீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டிகளில் பெயர் எழுதிய அட்டை கட்டுவது கட்டாயம். டி.ஜி.வி.யில் ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டியும் ஒரு கைப்பையும்தான் அனுமதி. மூன்றாவதைச் சேர்க்காமல் இருப்பதற்கு அதைவிட நல்ல காரணம், அதைத் தூக்கிப் படியேற்றுவது நாமேதான் என்பது. அங்கே போர்ட்டர் கிடையாது.

இரண்டு வண்டிகள் மாற வேண்டிய பயணத்தை ஒரே சீட்டாக வாங்கினால், முதல் வண்டி தாமதித்து இரண்டாவது தவறும்போது அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு ரயில்வேயினுடையது. தனித்தனியே வாங்கினால் பொறுப்பு நம்முடையது. டி.ஜி.வி.யோ அன்டர்சித்தேயோ அரைமணிக்கு மேல் தாமதித்தால், கட்டணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம், சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சாப்பாடு

சிற்றூர் உணவகங்கள் பகல் இரண்டு மணிக்குச் சமையலறையை மூடினால் மாலை ஏழு மணிக்குத்தான் திறக்கும். திங்கட்கிழமையும் பல கடைகள் திறப்பதில்லை. நடுப்பகல் வண்டிக்கு ஏற்பத் திட்டமிடும்போது இது இடிக்கும். பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடுவது அல்லது காலையிலேயே ரொட்டிக்கடையில் வாங்கிக் கட்டிக்கொள்வது என இரண்டே வழிகள்தான். சைவர்களுக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், சாலட் எங்கும் கிடைக்கும். ஆனால் அந்த வட்டாரத்துப் புகழ்பெற்ற கோந்தே உள்ளிட்ட மரபான பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் உறையவைக்கிறார்கள் என்பதைக் கண்டிப்பான சைவர்கள் அறிந்திருப்பது நல்லது. ஹலால் உணவு வேண்டுவோருக்கு டிஜோன், பெசான்சோன் ஆகிய ஊர்களில் கபாப் கடைகள் கிடைக்கும்; ஆர்புவா அளவுள்ள ஊரில் தேடி அலைவதைவிட மரக்கறி உணவோடு நிறுத்திக்கொள்வது எளிது.

ஊரிலிருந்து கொண்டுபோவதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியையும் பால் பொருள்களையும் பயணிகள் கொண்டுவரத் தடை உண்டு. ஆகவே பிள்ளைகளுக்கென்று கட்டிய ஆற்காட்டு மக்கன் பேடாவும் நெய்யும் சுங்கத்தில் பறிபோகலாம். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் ஆகியவற்றை நன்றாக மூடிச் சரக்குப் பெட்டியில் வைத்தால் போய்ச்சேரும். தங்கும் அறையில் அடுப்பு இருந்தால், அங்காடியில் அரிசி வாங்கி வடித்துக்கொள்ளலாம். ஞாயிறு நண்பகலுக்குப் பிறகு பல அங்காடிகள் மூடிவிடும் என்பதால், அந்த அரிசியைச் சனிக்கிழமை மாலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.